கழுகுமலைக்கு ஒரு நாள்: நெல்லை விடுதி மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலிக்கும் படிக்க வந்து, முதல் வருடம் விடுதியில் இருப்பவர்கள் முதலில் போகும் இடம் குற்றாலமாகத்தான் இருக்கும். சாரல் முடிந்து அருவி வற்றிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் போய்த் திரும்பும்படி வேறு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குக் கழுகுமலையைச் சொல்லலாம். கரிசல் காட்டுக்கு நடுவே தனியாக எழும் ஒரு பாறை மலை. அதன் ஒரு பக்கத்தில் 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் மலையைக் குடைந்தெடுத்த வெட்டுவான் கோயில், இன்னொரு பக்கத்தில் வரிசை வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள், அடிவாரத்தில் முருகன். சுமார் 20 கிலோமீட்டர் தள்ளிக் கடலை மிட்டாய்க்குப் பேர்போன கோவில்பட்டி. மலையும் ஊரும் ஒரே நாளில் அடங்கும்.

இரண்டும் இன்று தூத்துக்குடி மாவட்டம். 1986இல் மாவட்டம் பிரியும்வரை திருநெல்வேலிதான். பேச்சும் சாப்பாடும் இன்றும் நெல்லைச் சீமைதான்.

போய் வருபவர்களில் பாதிப் பேர் "சின்ன மலைதானே, அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டோம்" என்பார்கள். மீதிப் பேர் இன்னொரு முறை போகத் துடிப்பார்கள். முதல் கூட்டம் வெயில் ஏறிய பிறகு போயிருக்கும். இரண்டாவது கூட்டம் காலை 9 மணிக்குள் பாறை மேல் நின்றிருக்கும். கீழே சொல்லியிருப்பதெல்லாம் உங்களை அந்த 9 மணிக்குள் மேலே நிறுத்துவதற்காகத்தான்.

எப்போது போவது

மார்கழியும் தையும் மிக நல்லவை. மாசி பாதி வரை பரவாயில்லை. பங்குனி பிறந்துவிட்டால் பாறை காலை 10 மணிக்கே சூடேறிவிடும். கரிசல் சீமையில் மரம் குறைவு, மலை மேல் நிழல் அதைவிடக் குறைவு. ஏப்ரல், மே மாதங்களில் தேர்வு முடிந்த உற்சாகத்தில் கிளம்பி, 11 மணிக்கு வெறுங்காலோடு கல்லில் நின்று துடிப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. ஆனி, ஆடியில் வெயில் கொஞ்சம் தணியும், ஆனால் காற்று தூக்கும். கண்ணில் மண் விழும், குடை உதவாது, தாளில் வரைய முடியாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாட்களில் பாறையில் பாசி வழுக்கும். மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்த பிறகு போனால், மலையடியில் பச்சையும் மேலே தெளிந்த வானமுமாக இருக்கும். படம் எடுப்பவர்களுக்கு அதுவே நல்ல நாள்.

பங்குனி உத்திரம், தைப்பூசம், கந்த சஷ்டி நாட்களில் ஊர் நிரம்பிவிடும். திருவிழா பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் அது வேறு. சிற்பம் பார்க்க அந்த நாட்கள் உதவா, பேருந்தில் கால் வைக்கவும் இடம் கிடைக்காது. பௌர்ணமியன்று மாலையில் கிரிவலக் கூட்டம் வரும். அன்று போனால் முன்னதாகவே திரும்பிவிடுங்கள்.

நான்கிலிருந்து ஆறு பேர் சேர்ந்து போவது சரியான அளவு. தனியாகப் போக வேண்டாம். பத்துப் பேருக்கு மேல் சேர்ந்தால் ஒருவர் டீக்கடையிலும் ஒருவர் படம் எடுப்பதிலும் நின்று, மொத்தக் கூட்டமும் தாமதமாகும். விடுதியில் வெளியே செல்லும் அனுமதிச் சீட்டை முதல் நாள் மாலையே வாங்கி வையுங்கள். காப்பாளர் தூங்கி எழும்வரை காத்திருந்தால் முதல் பேருந்து போய்விடும்.

பையில் என்ன இருக்க வேண்டும்

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். மலை மேல் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். ஒரு தொப்பி அல்லது துண்டு. ஒரு ஜோடி பழைய பருத்திக் காலுறை. இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் செருப்பைக் கழற்ற வேண்டிய இடங்களில் உங்களைக் காப்பாற்றுவது இதுதான். காலில் வார்ச் செருப்போ ரப்பர் அடியுள்ள ஷூவோ இருக்கட்டும். தேய்ந்த ஹவாய்ச் செருப்பு பாறையில் வழுக்கும், அதுவும் ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் தெரியும்.

கோடு போடாத நோட்டு, பென்சில், ஒரு சிறிய டார்ச். செல்போனில் டார்ச் இருக்கிறதே என்று விடாதீர்கள், அதன் வெளிச்சம் நேராக அடித்துக் கல்லைத் தட்டையாகக் காட்டும். தனி டார்ச்சைக் கல்லுக்குப் பக்கவாட்டில் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் நிழல் விழுந்து எழும்பித் தெரியும். ஒரு தூக்குவாளியில் புளியோதரை அல்லது தயிர்சாதம். கடலை மிட்டாய் போட்டுக் கொண்டுவர மூடி இறுகும் எவர்சில்வர் டப்பா ஒன்று.

பேருந்து, சாப்பாடு, மிட்டாய் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 500 ரூபாய் தாராளம். அதில் 10, 20 ரூபாய்த் தாள்களாக 200 ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். காலை முதல் பேருந்தில் 500 ரூபாய்த் தாளை நீட்டினால் நடத்துநரிடம் சில்லறை இருக்காது. மாணவர் இலவசப் பயண அட்டை வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையில்தான் செல்லும், இந்தப் பயணத்துக்கு ஆகாது. மகளிர் இலவசப் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மட்டும். வெளியூர்ப் பேருந்தில் எல்லோரும் சீட்டு எடுக்க வேண்டும்.

கைபேசி வரைபடத்தில் தேடும்போது ஊர்ப் பெயரைச் சரியாகப் போடுங்கள். திருக்கழுக்குன்றம் என்று செங்கல்பட்டுப் பக்கம் வேறொரு மலை இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு தூரத்தைப் பார்த்து மலைத்துப் போகிறவர்கள் உண்டு.

கோவில்பட்டி வரை

காலை 5.30க்கு வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்தில் இருங்கள். மதுரை மார்க்கத்தில் போகும் பேருந்துகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. கழுகுமலைக்கே நேராகப் போகும் வண்டி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கோவில்பட்டி போய் மாறுவதுதான் வேகம். கோவில்பட்டி சுமார் 55 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம் ஆகும்.

ஏறுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "அண்ணாச்சி, கோவில்பட்டி ஊருக்குள்ள போவுமா, பைபாஸா?" இதைக் கேட்காமல் ஏறுவதுதான் இந்தப் பயணத்தின் இரண்டாவது பெரிய தவறு. கோவில்பட்டிக்கு இரண்டு பேருந்து நிலையம். நான்குவழிச் சாலையை ஒட்டி ஒரு கூடுதல் பேருந்து நிலையம், ஊருக்குள் அண்ணா பேருந்து நிலையம். நீண்ட தூர வண்டிகள் பல சாலையோரத்திலேயே இறக்கிவிட்டு மதுரைக்குப் பறந்துவிடும். கழுகுமலை, சங்கரன்கோவில் பேருந்துகளுக்கு நீங்கள் நிற்க வேண்டியது ஊருக்குள். சாலையில் இறங்கிவிட்டால் நகரப் பேருந்தோ ஷேர் ஆட்டோவோ பிடித்து உள்ளே வர வேண்டும். அரை மணி நேரம் வீண். அந்த அரை மணி நேரம் மலை மேல் வெயிலாகத் திரும்பி வரும்.

வழியில் கயத்தாறு வரும்போது விழித்திருங்கள். சாலைக்குப் பக்கத்தில் கட்டபொம்மன் நினைவிடம். 1799 அக்டோபர் 16 அன்று அவரைத் தூக்கிலிட்ட ஊர் இது. சுற்றிலும் காற்றாலைகள். இங்கே இறங்கிப் பார்ப்பதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ரயிலில் வருவதானால் திருநெல்வேலி சந்திப்பிலிருந்து கோவில்பட்டிக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். பொதுப்பெட்டிச் சீட்டு பேருந்துக் கட்டணத்தை விட மலிவு. ஆனால் ரயில் நேரம் உங்களுக்காக அமையாது. விடியற்காலை வண்டி இருந்தால் மட்டும் ரயில், இல்லையென்றால் பேருந்து. வண்டி கடம்பூரில் நின்றால் போளி விற்பவர்கள் வருவார்கள். சூடாக இருந்தால் வாங்குங்கள்.

கோவில்பட்டி அண்ணா பேருந்து நிலையத்தைச் சுற்றிக் காலை உணவை முடித்துவிடுங்கள். இட்லி போதும். பூரியும் வடையுமாக வயிற்றை நிரப்பினால் படி ஏறும்போது மூச்சு வாங்கும். கழிப்பறைக்கும் இங்கேயே போய்விடுங்கள், மலை மேல் அந்த வசதியை எதிர்பார்க்க வேண்டாம். பிறகு சங்கரன்கோவில் போகும் பேருந்தில் "கழுகுமலை வழியா?" என்று கேட்டு ஏறுங்கள். முக்கால் மணி நேரம். ஊர் நெருங்கும்போது, தட்டையான காட்டின் நடுவே மலை தனியாக நிற்பது வெகு தூரத்திலேயே தெரியும்.

முதலில் மலை, பிறகுதான் கோயில்

பேருந்தை விட்டு இறங்கியதும் எல்லோர் காலும் தானாக முருகன் கோயிலுக்குத்தான் போகும். சாமி கும்பிடுவதாக இருந்தாலும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு முதலில் மலைக்கு ஏறுங்கள். கோயில் நண்பகலில் நடை சாத்தி மாலையில்தான் திறக்கும் என்பது உண்மைதான். ஆனால் 8.30க்கு ஏறினால் 11.30க்குள் இறங்கிவிடலாம், நடை சாத்துவதற்கு முன் தரிசனமும் கிடைக்கும். வரிசையை மாற்றினால் கோயிலில் ஒரு மணி நேரம் போய், மலையை உச்சி வெயிலில் பார்க்க வேண்டியதாகிவிடும்.

மலையில் படிகள் வெட்டியிருக்கின்றன. ஏற்றம் கடினமானதல்ல, ஆரோக்கியமான மாணவருக்கு 15 நிமிடம்கூட ஆகாது. படியை விட்டுப் பாறைச் சரிவில் குறுக்கே ஏறுவதுதான் ஆபத்து. காய்ந்த பாறையில் மணல் துகள் இருந்தால், அது காலுக்கடியில் உருண்டு சறுக்கிவிடும். குரங்கு கண்ணில் பட்டால் சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பை சலசலக்கும் ஓசை அவற்றுக்கு அழைப்பு மணி. தூக்குவாளி சொன்னது அதனால்தான்.

வெட்டுவான் கோயில்: மேலிருந்து கீழே பாருங்கள்

வெட்டுவான் கோயிலைத் தென்னகத்தின் எல்லோரா என்பார்கள். பெயரைக் கேட்டுப் பெரிதாக எதிர்பார்த்து வருகிறவர்கள் முதலில் ஏமாறுவார்கள். எல்லோராவின் கைலாசநாதர் கோயிலோடு அளவில் ஒப்பிட்டால் இது சிறியது. ஆனால் செய்த முறை அதே முறை. மாமல்லபுரத்து ரதங்கள் தனித்து நின்ற பாறைகளைச் செதுக்கியவை. இங்கே மலைச் சரிவிலேயே சுற்றிலும் ஏறத்தாழ ஏழரை மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, நடுவே ஒரு கல்திண்டை விட்டு, அந்தத் திண்டைக் கோயிலாக்கியிருக்கிறார்கள். கல்லைக் கல்லோடு சேர்த்து வைத்துக் கட்டிய இடமே இதில் கிடையாது.

உடனே கீழே இறங்கிவிடாதீர்கள். பள்ளத்தின் விளிம்பில், மேலே நின்றபடி பத்து நிமிடம் பாருங்கள். விமானத்தின் உச்சி உங்கள் கண் மட்டத்துக்கு அருகில் வரும். சாதாரணமாக ஒரு கோயில் விமானத்தை அண்ணாந்துதான் பார்க்க முடியும். இங்கே எட்டுப் பட்டைச் சிகரத்தை நேருக்கு நேர் பார்க்கலாம். அதன் மூலைகளில் படுத்திருக்கும் நந்திகளைப் பாருங்கள். கழுத்தின் மடிப்பு, திமில், முன்கால் மடங்கிய விதம் எல்லாம் முடிந்த வேலை.

இப்போது கண்ணை மெல்ல மெல்லக் கீழே இறக்குங்கள். லாட வடிவ வளைவுகளான கூடுகள், கொடிக்கருக்கு என்னும் கொடி வேலைப்பாடு, கூரை விளிம்புக்கு அடியில் வரிசையாகப் பூதகணங்கள். ஒன்று சிரிக்கும், ஒன்று வாத்தியம் வாசிக்கும். இன்னும் கீழே வாருங்கள். வேலை கரடாகும். அதற்கும் கீழே உளி பட்ட வரிகள் அப்படியே நிற்கும். அடிப்பகுதி வெறும் பாறை. ஒரே பார்வையில், முடிந்த சிற்பத்திலிருந்து தொடங்காத கல் வரை எல்லாப் படிநிலையும் தெரிகிறது. முடிக்கப்பட்ட கோயில் எதுவும் இதைக் காட்டாது, முடித்தவர்கள் உளித்தடத்தை அழித்துவிடுவார்கள். கட்டடக் கலை, வரலாறு, நுண்கலை படிப்பவர்களுக்கு இந்த அரைகுறைதான் பாடம்.

ஏன் மேலிருந்து தொடங்கினார்கள் என்பதை அங்கேயே நின்று யோசித்தால் விளங்கும். உச்சியைச் செதுக்கும்போது சிற்பி நிற்கக் கீழே பாறை இருக்கிறது. சாரம் கட்ட வேண்டியதில்லை. வெட்டிய சில்லு கீழே விழுந்து முடிந்த வேலையை உடைக்காது, ஏனென்றால் கீழே முடிந்த வேலை எதுவும் இல்லை. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு மூக்கு உடைந்தால் வேறு கல் கொண்டுவந்து ஒட்ட முடியாது. உச்சியில் முதல் உளி விழும்போதே அடித்தளத்தின் அளவு மனசில் முடிவாகியிருக்க வேண்டும்.

அடுத்து தெற்குப் பக்கம் வந்து நில்லுங்கள். விமானத்தில் தட்சிணாமூர்த்தி. வழக்கமாக மௌனமாக உபதேசம் செய்பவர், இங்கே மிருதங்கம் வாசிக்கிறார். அந்தக் கையைக் கவனியுங்கள். விரல் தோலில் பட்டு இன்னும் எழும்பாத கணம் போல இருக்கும். முகத்தில் தாளத்துக்குள் போய்விட்ட ஒரு அமைதி. சிவன் மிருதங்கத்தோடு அமர்ந்த கோலம் மிக அரிது. கழுகுமலைக்கு வந்து இதைப் பார்க்காமல் போனவர்கள் நிறைய, ஏனென்றால் அவர்கள் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். மேற்கே திருமால், வடக்கே பிரம்மா. உமையோடு சிவன் அமர்ந்த கோலமும் உண்டு, தேடிக் கண்டுபிடியுங்கள்.

கருவறையில் இப்போது இருப்பவர் பிள்ளையார், பிற்காலத்தில் வைத்தது. கோயிலைப் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் காலத்தோடு சேர்த்துச் சொல்கிறார்கள். ஊரில் சொல்லும் கதை வேறு: தகப்பன் ஒரு கோயிலும் மகன் ஒரு கோயிலுமாகப் போட்டி போட்டுச் செதுக்கினார்களாம். மகன் முந்துவதைப் பொறுக்காமல் தகப்பன் அவனை வெட்டிவிட, வேலை நின்றதாம். அடிவாரத்தில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். அவர்கள் வாயால் கேட்க நன்றாக இருக்கும், கேளுங்கள்.

வெளிச்சம் பற்றி ஒரு வார்த்தை. காலையில் சாய்வான வெயிலில் ஒவ்வொரு மடிப்பும் நிழலோடு நிற்கும். உச்சிப் பொழுதில் வெயில் நேராக இறங்கி எல்லாவற்றையும் வெளுப்பாக்கிவிடும், விலை உயர்ந்த கேமராவாலும் அதைச் சரிசெய்ய முடியாது. முதலில் வரையுங்கள், பிறகு படம் எடுங்கள். ஒரே ஒரு நந்தியைப் பத்து நிமிடம் வரைந்தவர், நூறு படம் எடுத்தவரை விட அதிகம் பார்த்திருப்பார்.

சமணப் பள்ளி: உங்களைப் போன்ற மாணவர்களின் பெயர்கள்

வெட்டுவான் கோயிலுக்கு ஒரு மணி நேரம் கொடுத்துவிட்டு, சமணச் சிற்பங்களுக்குப் போங்கள். ஊரில் சமணர் படுகை, சமணப் பள்ளி என்று இரண்டு விதமாகவும் சொல்வார்கள். நீண்ட பாறை முகத்தில் மாடம் மாடமாக 150 அளவில் புடைப்புச் சிற்பங்கள். முதல் பார்வைக்கு எல்லாம் ஒன்று போலத் தெரியும். அதனாலேயே பலர் ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடுவார்கள்.

அடையாளம் தெரிந்தால் சலிக்காது. தியானத்தில் அமர்ந்து, தலைக்கு மேல் மூன்று அடுக்குக் குடை இருந்தால் தீர்த்தங்கரர். புத்தர் என்று சொல்லிவிடாதீர்கள். உடம்பில் ஆடை மடிப்பு கிடையாது, முக்குடை இருக்கும். தலைக்கு மேல் படம் எடுத்த பாம்பு இருந்தால் அவர் பார்சுவநாதர். அந்தச் சிற்பத்தில் இன்னும் மேலே பாருங்கள்: தவத்தைக் கலைக்கப் பாறையைத் தூக்கி எறிய நிற்கும் கமடன். பாம்பாக வந்து காப்பவன் தரணேந்திரன். நின்ற கோலத்தில், கால்களில் கொடி படர்ந்து, இருபுறமும் பெண்கள் நின்றால் அவர் பாகுபலி. அந்தப் பெண்கள் அவருடைய சகோதரிகள். அசையாமல் நின்ற காலம் எவ்வளவு என்பதைச் சிற்பி அந்தக் கொடியால் சொல்லிவிட்டார்.

சிங்கத்தோடு நிற்கும் பெண் அம்பிகை, தீர்த்தங்கரரின் காவல் தெய்வமான இயக்கி. நெல்லைப் பக்கத்து ஊர்களில் நீங்கள் பார்க்கும் இசக்கியம்மனின் பெயர் இந்த இயக்கி என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். கையில் பிள்ளையோடு ஊர் எல்லையில் இருக்கும் இசக்கியைப் பார்த்தவர்களுக்கு, இந்தக் கல்லின் முன் நிற்கும்போது ஏதோ தெரிந்த முகம் போலத் தோன்றும்.

இனி டார்ச்சை எடுங்கள். மாடங்களுக்கு அடியில் இருப்பது வட்டெழுத்து. பாண்டிய நாட்டில் சோழர் ஆட்சி ஏற்படும் வரை தமிழை எழுதிய எழுத்து. முழுவதும் படிக்க முடியாது, முயற்சி செய்து சோர்ந்து போக வேண்டாம். வரியின் தொடக்கத்தில் "ஸ்ரீ" என்ற கிரந்த எழுத்தைத் தேடுங்கள். அது சிக்கினால் ஒரு கல்வெட்டு அங்கே தொடங்குகிறது என்று பொருள். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். ஒருவர் வெளிச்சம் பிடிக்க, ஒருவர் எழுத்தின் வடிவத்தை நோட்டில் வரைந்துகொள்ள வேண்டும்.

எழுதியிருப்பது அரசர் புகழ் அல்ல. இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார் செய்வித்த திருமேனி என்ற விதமான சிறு குறிப்புகள். இன்ன ஆசிரியரின் மாணாக்கர் என்று வரும். குரத்தியர் என்ற பெண் ஆசிரியர்களும், அவர்களிடம் படித்த மாணாக்கியரும் வருகிறார்கள். 1200 ஆண்டுகளுக்கு முன் இந்தப் பாறையில் ஒரு பள்ளிக்கூடம் நடந்திருக்கிறது, பெண்கள் பாடம் சொல்லியிருக்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்து தங்கிப் படித்தவர்கள் தங்கள் ஊர்ப் பெயரோடு கல்லில் நிற்கிறார்கள். விடுதி மாணவர் யாராக இருந்தாலும் இங்கே கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.

அதே கல்லில், உங்கள் காலத்து மாணவர்கள் சிலர் காதலியின் பெயரையும் கல்லூரிப் பெயரையும் கீறியிருந்தால் மனசு வலிக்கும். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சாக்குக்கட்டி தேய்ப்பது, தண்ணீர் ஊற்றுவது, எண்ணெய் தடவுவது எல்லாம் கீறலுக்குச் சமமான கேடு. எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டிக் கல்லின் மேற்பரப்பே மூடிப்போகும். மடித்த விரலால் தட்டிப் பார்ப்பதும் வேண்டாம். இவை தமிழ்நாடு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்கள். சேதப்படுத்தினால் 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ட்ரோன் பறக்கவிட முன் அனுமதி வேண்டும். வகுப்போடு போகிற ஆசிரியர்கள் துறைக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்துவிடுவது நல்லது.

கழுகாசலமூர்த்தி கோயிலும் மதியச் சாப்பாடும்

இறங்கி வந்ததும் முருகன் கோயில். இது குடைவரை, மலைக்குள் குடைந்த கோயில். கருவறை மலைக்குள்ளேயே இருப்பதால் அதற்கு மேலே விமானம் கிடையாது, மலையேதான் விமானம். சன்னிதியைச் சுற்றி வர வேண்டுமென்றால் மலையையே சுற்ற வேண்டும். முருகனுக்கு ஒரு முகம், ஆறு கை. அமர்ந்திருக்கும் மயிலின் முகம் மற்றக் கோயில்களில் வலப்பக்கம் இருக்கும், இங்கே இடப்பக்கம். சடாயுவின் அண்ணன் சம்பாதி என்ற கழுகு முனிவர் வழிபட்டதால் கழுகுமலை என்பது தலபுராணம். காவடிச் சிந்து பாடல்கள் பிறந்தது இந்த முருகன் மேல்தான். பாடத் தெரிந்தவர் உங்கள் கூட்டத்தில் இருந்தால் வெளி மண்டபத்தில் உட்கார்ந்து மெல்லப் பாடச் சொல்லுங்கள். உள்ளே படம் எடுக்க வேண்டாம்.

கட்டுச்சோற்றை ஊருக்குள் நிழல் பார்த்துச் சாப்பிடுங்கள். மலை மேல் வேண்டாம்; சிந்திய பருக்கைக்குக் குரங்கும் எறும்பும் வரும், இலையும் பொட்டலமும் அங்கேயே கிடக்கும். கடையில் சாப்பிடுவதானால் சாப்பாட்டுக் கடைகள் சிறியவை, ஆறு பேர் என்றால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

இந்த நேரத்தில் யாராவது ஒருவர் "எட்டயபுரம் பக்கம்தானே, பாரதி பிறந்த வீட்டையும் பார்த்துவிடலாம்" என்று ஆரம்பிப்பார். கோவில்பட்டியிலிருந்து அது இன்னொரு 15 கிலோமீட்டர், எதிர்த் திசை. சேர்த்தால் இரண்டையும் ஓடி ஓடித்தான் பார்க்க வேண்டியிருக்கும். எட்டயபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் சேர்த்து வேறொரு நாள் வையுங்கள்.

கோவில்பட்டியில் இரண்டு மணி நேரம்

பிற்பகல் 2 மணிக்குள் பேருந்து ஏறினால் 3 மணிக்குள் கோவில்பட்டி. மாலையில் செண்பகவல்லி அம்மன், பூவனநாதர் கோயில் திறந்திருக்கும். பிறகு கடலை மிட்டாய்.

கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கரிசல் மண்ணில் விளைந்த நிலக்கடலையும் வெல்லமும்தான் உயிர். கடலையைப் பதமாக வறுத்து, தோல் நீக்கி, இரண்டாக உடைத்து, வெல்லப் பாகில் கொட்டிக் கிளறி, பரப்பி உருளையால் தேய்த்து, சூடு ஆறுவதற்குள் வெட்டுவார்கள். எல்லாம் பாகின் பதத்தில் இருக்கிறது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் கல் போல இறுகி, எடுத்து எறிந்தால் 'டிங்' என்று சத்தம் வர வேண்டும். பதம் முன்னால் எடுத்துவிட்டால் மிட்டாய் பல்லில் இழுக்கும். பதம் கடந்துவிட்டால் வெல்லம் கருகிக் கசக்கும்.

வாங்கும்போது ஒரு துண்டை ஒடித்துப் பாருங்கள். "டக்" என்று ஒடிய வேண்டும், வளையக் கூடாது. ஒடிந்த இடத்தில் பருப்பு நெருக்கமாகவும் இடையில் வெல்லம் மெல்லிய கண்ணாடி போலவும் தெரிந்தால் நல்ல மிட்டாய். வெல்லம் கட்டியாகத் தெரிந்தால் கடலை குறைவு. முகர்ந்து பாருங்கள்; பழைய கடலைக்குக் காறல் வாசம் உண்டு. மேலே வண்ணத் தேங்காய்த் துருவல் தூவியதும் கிடைக்கும், அது பார்க்க அழகு. பொட்டலமாக வாங்கினால் தயாரித்த தேதியும் முகவரியும் பாருங்கள். கோவில்பட்டி என்று பெரிதாகவும் வேறு ஊர் முகவரி சிறிதாகவும் அச்சிட்டதை வைத்துவிட்டு வேறு கடைக்குப் போகலாம்.

திரும்புவது

5 மணிக்குள் கோவில்பட்டியை விட்டுக் கிளம்பினால் 7 மணிக்குள் விடுதி வாசலில் இருக்கலாம். திருநெல்வேலி வண்டிகள் ஊருக்குள்ளும் கிடைக்கும், பைபாஸிலும் கிடைக்கும். ஞாயிறு மாலையில் ஊருக்குள் வரும் வண்டிகள் நிரம்பியே வரும், அப்போது பைபாஸ் நிலையத்துக்குப் போவது உதவும். காலையில் தொல்லை தந்த அதே நிலையம் மாலையில் கைகொடுக்கும்.

மிட்டாய் வேண்டாம், வேறு வழியில் வர வேண்டும் என்பவர்கள் கழுகுமலையிலிருந்து மேற்கே சங்கரன்கோவில் போய், சங்கரநாராயணரைப் பார்த்துவிட்டு அங்கிருந்து நெல்லைப் பேருந்து பிடிக்கலாம். ஒரு பாதி சிவன், ஒரு பாதி திருமால். ஆனால் அந்த வழியில் நேரம் கூடும், மலையிலிருந்து 11.30க்கு இறங்கியவர்களுக்கு மட்டும் அது சரிப்படும்.

விடுதிக்கு வந்ததும் இரண்டு வேலை. படங்களுக்கு அன்றிரவே பெயர் போடுங்கள்: எந்தத் திசைச் சிற்பம், எத்தனையாவது மாடம். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் எல்லாத் தீர்த்தங்கரர்களும் ஒருவராகவே தெரிவார்கள். கடலை மிட்டாயை உடனே எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றி இறுக மூடுங்கள். வெல்லம் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். தாள் பொட்டலத்தில் விட்டால் மூன்றாம் நாள் ஒட்டிக்கொண்டு ஒரே பாளமாகிவிடும். அறை நண்பர்களுக்கு எடுத்துக் கொடுக்கும்போது ஈரக் கையை மட்டும் உள்ளே விடாதீர்கள்.